இரவு 1.40-க்கு யாரை அழைப்பது? நம் பகுதியின் மனநலச் சேவையை நடத்துபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

என் தம்பியிடம் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். பெயர் மட்டும் வேண்டாம், மற்றதை எல்லாம் எழுது அக்கா என்றான். அவனுக்கு பைபோலார், அதாவது மனநிலை அளவு மீறி ஏறியும் இறங்கியும் போகும் நோய், இருப்பது தெரிந்து ஆறு வருடம் ஆகிறது. நல்ல டாக்டர் கிடைத்தார், மருந்து ஒத்துக்கொண்டது, வேலைக்கும் போய்வருகிறான். பகலில் உங்கள் மையத்தில் அவனைப் பார்த்துக்கொள்கிறவர்கள் மேல் எனக்கு ஒரு குறையும் கிடையாது, அவர்கள் இல்லை என்றால் நாங்கள் இவ்வளவு தூரம் வந்திருக்க மாட்டோம். மாலை 5 மணிக்கு உங்கள் கதவு மூடிய பிறகு என்ன நடக்கிறது என்பதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

போன வருடம் ஒரு வெள்ளிக்கிழமை இரவு. மூன்று நாளாக அவன் சரியாகத் தூங்கவில்லை. பேச்சு வேகமாகிக்கொண்டே போனது, ஒரு வேலையைப் பாதியில் விட்டு இன்னொன்றுக்குத் தாவினான், திடீரென்று அன்று மாலை எல்லாம் இருண்டு போய் ஒரு மூலையில் சுருண்டுவிட்டான். உடம்பில் அந்த வேகம் அப்படியே இருக்க, மனது மட்டும் கீழே விழுந்துவிடும் நிலை அது. இந்த நோயில் மிகவும் ஆபத்தான நேரங்களில் ஒன்று என்று டாக்டர் முன்பே சொல்லி வைத்திருந்தார். இரவு 1.40-க்கு என் அறைக் கதவைத் தட்டினான். "அக்கா, என்னைத் தனியா விட்டுடாதே, எனக்கே என்மேல பயமா இருக்கு" என்றான்.

உங்கள் நெருக்கடி எண்ணை அழைத்தேன். டாக்டர் தன் கையாலேயே எழுதிக் கொடுத்த எண் அது, சமையலறைச் சுவரில் ஒட்டி வைத்திருந்தோம். நாலு முறை மணி அடித்ததும் பதிவு செய்த குரல் ஒன்று வந்தது. அலுவலக நேரம் திங்கள் முதல் வெள்ளி வரை, காலை 9 மணியிலிருந்து மாலை 5 மணி வரை, அவசரம் என்றால் அவசர எண்ணை அழைக்கவும். அவ்வளவுதான். அந்த நேரத்திலிருந்து திங்கள் காலை 9 மணிக்கு 55 மணி 20 நிமிடம் இருந்தது. அப்போது கணக்குப் போடவில்லை, பிறகு போட்டேன்.

சரி என்று அவசர எண்ணை அழைத்தேன். எடுத்தவர் கேட்ட முதல் கேள்வி, அவர் கையில் ஏதாவது வைத்திருக்கிறாரா, யாரையாவது அடித்தாரா என்பது. இல்லை, அவன் பயந்துபோய் இருக்கிறான் என்றேன். இருபது நிமிடத்தில் போலீஸ் வண்டி வந்தது. வந்த இருவரும் கெட்டவர்கள் இல்லை, அதை நான் சொல்லியே ஆக வேண்டும், அவர்களில் இளையவர் என் அம்மாவிடம் மிகவும் பணிவாகப் பேசினார். ஆனால் அவர்களுக்குத் தெரிந்த வேலையைத்தான் அவர்கள் செய்ய முடியும். கையைத் தூக்கிக் காட்டச் சொன்னார்கள், சட்டைப் பையைச் சோதித்தார்கள், வண்டியில் ஏற்றினால் விலங்கு போட வேண்டும் என்பது விதி என்றார்கள். விலங்கு போட்டார்கள். சுழல்விளக்கு வெளிச்சத்தில் எதிர்வீட்டு ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. எந்தக் குற்றமும் செய்யாமல், உதவி கேட்டுத் தானே கதவைத் தட்டியவன், தலையைக் குனிந்தபடி நடந்து போனான்.

அப்புறம் மருத்துவமனை. அவசர சிகிச்சைப் பிரிவில் 11 மணி நேரம். மூன்று நாள் தூங்காதவனை இரவு முழுவதும் கண்ணைக் கூசும் விளக்குக்குக் கீழே, விபத்தில் அடிபட்டவர்கள் கத்திக்கொண்டிருக்கும் கூடத்தில் உட்கார வைத்தால் என்ன ஆகும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. டூட்டி டாக்டர் பத்து நிமிடம் பார்த்தார். மனநல மருத்துவர் திங்கட்கிழமைதான் வருவார் என்று ஒரு சீட்டைக் கொடுத்து அனுப்பினார்கள். அம்மாவும் நானும் மாறி மாறி இரண்டு இரவு விழித்திருந்தோம்.

அவன் தப்பித்தான், இப்போது நன்றாக இருக்கிறான். ஆனால் ஒரு மாதம் கழித்து, சாதாரணமாகப் பேசிக்கொண்டிருந்தபோது அவன் சொன்னதுதான் என்னை இந்தக் கடிதம் வரைக்கும் கொண்டு வந்தது. "அடுத்த தடவை அப்படி ஆனா உன்னை எழுப்ப மாட்டேன் அக்கா."

இதைத்தான் உங்கள் முன்னால் வைக்க வந்தேன். நெருக்கடி இரவு ஒரு முறை வந்து போவது இல்லை, பலருக்கு அது மறுபடியும் வரும். முதல் இரவு அவர்களை எப்படி நடத்தினோம் என்பதை வைத்துத்தான் இரண்டாவது இரவில் அவர்கள் கதவைத் தட்டுவார்களா, தட்டாமலேயே இருந்துவிடுவார்களா என்பது முடிவாகிறது. என் தம்பியை உயிரோடு மருத்துவமனையில் சேர்த்ததால் அன்றைய வேலை முடிந்தது என்று உங்கள் கோப்பில் இருக்கும். எங்கள் வீட்டில் அன்றிலிருந்து நான் அரைத் தூக்கம்தான் தூங்குகிறேன்.

ஒரு வாரத்தில் 168 மணி நேரம் இருக்கிறது. அதில் உங்கள் சேவை திறந்திருப்பது 40 மணி நேரம். மிச்சம் 128. மனம் உடைவது எந்த நேரத்தில் வேண்டுமானாலும் நடக்கலாம் என்று வைத்துக்கொண்டால்கூட, நான்கில் மூன்று பங்கு நேரம் நாங்கள் தனியாக இருக்கிறோம். உண்மையில் எல்லா நேரமும் ஒன்றுபோல இல்லை, இரவு கூடுதல் ஆபத்தானது. 2016-இல் அமெரிக்கத் தரவுகளை வைத்து ஓர் ஆய்வு வெளியானது. எத்தனை பேர் எந்த மணியில் விழித்திருக்கிறார்கள் என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டுப் பார்த்தால், நள்ளிரவிலிருந்து காலை 6 மணிக்குள் நடக்கும் தற்கொலைகள், அந்த நேரத்துக்கு எதிர்பார்க்கக்கூடியதைப் போல 3.6 மடங்கு என்று அது கண்டது. தூக்கம் கெட்டால் மனதைக் கட்டுப்படுத்தும் சக்தி குறைகிறது, பேச ஆள் இல்லை, நாளை என்ற ஒன்றே கண்ணுக்குத் தெரியாது. இரவில் விழித்துக் கிடந்த எவருக்கும் இது புரியும். உங்கள் வேலை நேரத்தை வகுத்தவர்கள் இதை யோசித்துப் பார்த்திருக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன். அலுவலகங்கள் எல்லாம் இயங்கும் நேரத்தில் இதுவும் இயங்கட்டும் என்று வைத்திருப்பார்கள்.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். அந்த நெருக்கடி கடந்துபோகக் கூடியது. 1978-இல் ரிச்சர்ட் சைடன் என்ற ஆய்வாளர், சான் பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பாலத்தில் உயிரை விட வந்து, 1937-இலிருந்து 1971 வரை மற்றவர்களால் தடுத்து நிறுத்தப்பட்ட 515 பேர் பிறகு என்ன ஆனார்கள் என்று தேடிப் பார்த்தார். ஏறக்குறைய 94 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள், அல்லது இயற்கையாக இறந்திருந்தார்கள். "இன்று தடுத்தால் நாளை செய்துகொள்ளத்தான் போகிறார்கள்" என்று சொல்கிறவர்களை நானும் பார்த்திருக்கிறேன், அந்த வார்த்தை எவ்வளவு தவறு என்று இந்த ஒரு எண் சொல்கிறது. அந்தச் சில மணி நேரம் யாராவது கூட இருந்தால் போதும், பெரும்பாலானோர் பிழைத்து, வயதாகி, பேரன் பேத்தி எடுக்கிறார்கள்.

ஆகவே நாங்கள் கேட்பது நடுராத்திரியில் பெரிய நிபுணரை அல்ல. விடியும் வரை கூட இருக்கத் தெரிந்த மனிதர்களைக் கேட்கிறோம்.

நெருக்கடிச் சேவை பற்றிப் பேசுகிறவர்கள் மூன்று விஷயங்களைச் சேர்த்தே சொல்வார்கள்: அழைத்தால் பேச ஒருவர், தேவைப்பட்டால் நேரில் வர ஒருவர், போய் இருக்க ஓர் இடம். முதலாவது பல நாடுகளில் வந்துவிட்டது. அமெரிக்காவில் 2022 ஜூலை 16-இலிருந்து 988 என்ற மூன்று இலக்க எண் எந்த நேரமும் இயங்குகிறது. இந்தியாவில் அதே வருடம் அக்டோபர் 10-இல் டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவிச் சேவை 14416 என்ற எண்ணில் 24 மணி நேரமும் தொடங்கியது. இலங்கையில் 1926 என்ற எண் இருக்கிறது. இங்கிலாந்தில் 2024-இலிருந்து 111-ஐ அழைத்து மனநல நெருக்கடிக்கான தேர்வை அழுத்தினால் இரவிலும் பேச ஆள் கிடைக்கிறார்கள். (இதைப் படிக்கிற யாருக்காவது இன்று இரவே முடியவில்லை என்றால், தயவுசெய்து உங்கள் நாட்டு எண்ணை அழையுங்கள், அல்லது பக்கத்து அறையில் இருப்பவரை எழுப்புங்கள். எழுப்பப்பட்டவள் என்ற முறையில் சொல்கிறேன், யாரும் அதற்காகக் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.) இவை எல்லாம் நல்லவை. ஆனால் தொலைபேசியில் பேசுகிறவர் எங்கோ இருக்கிறார். ஆள் நேரில் வந்தாக வேண்டும் என்று அவர் முடிவு செய்யும் அந்த நொடியில், நம் பகுதியில் அவர் யாரை அனுப்புவார்? மறுபடியும் போலீஸ் வண்டியைத்தான். தேசிய எண் எவ்வளவு நன்றாக இருந்தாலும், கடைசித் தூரத்தை ஊரில் இருக்கிறவர்கள்தான் நடந்து வர வேண்டும். அந்த ஊர்க்காரர்கள் நீங்கள்தான்.

நேரில் வருவதைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அமெரிக்காவின் ஓரிகான் மாநிலத்தில் யூஜீன் என்ற ஊர் இருக்கிறது, பெரிய நகரம் ஒன்றும் இல்லை. அங்கே ஒயிட் பேர்ட் கிளினிக் என்ற அமைப்பு 1989-இல் கஹூட்ஸ் என்ற சேவையைத் தொடங்கியது. ஒரு வேன், அதில் முதலுதவி தெரிந்த செவிலியர் அல்லது மருத்துவ உதவியாளர் ஒருவர், நெருக்கடியில் இருப்பவரோடு பேசப் பயிற்சி பெற்றவர் ஒருவர். ஆயுதம் கிடையாது, சீருடை கிடையாது. அவசர எண்ணுக்கு வரும் அழைப்பில் குற்றமோ உடனடி ஆபத்தோ இல்லை என்று தெரிந்தால் இவர்களை அனுப்பினார்கள். முப்பது வருடத்துக்கு மேல் அப்படி ஓடியது. 2019-இல் மட்டும் ஏறக்குறைய 24,000 அழைப்புகள். அவற்றில் போலீஸ் துணைக்கு வர வேண்டும் என்று அவர்கள் கேட்டது மிகச் சொற்பம்.

ஏன் இரண்டு பேர், ஏன் இந்த இரண்டு பேர் என்று யோசித்துப் பாருங்கள். வயதானவர் ஒருவர் திடீரென்று இரவில் குழம்பிப் பேசினால் அது மனநோயாக இல்லாமல் சிறுநீர்த் தொற்றாக இருக்கலாம். சர்க்கரை தாழ்ந்தவர் குடித்தவரைப் போலத் தள்ளாடலாம். புது மருந்தின் பக்கவிளைவு, காய்ச்சல், தலையில் அடி, இவை எல்லாம் வெளியிலிருந்து பார்க்கிறவருக்குப் "பைத்தியம்" போலத் தெரியும். நாடி பிடித்துப் பார்க்கத் தெரிந்த ஒருவர் அதைக் கண்டுகொள்வார். அவர் அதைப் பார்த்துக்கொண்டிருக்க, இன்னொருவர் தரையில் உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தி, அவசரப்படாமல் பேசலாம். தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று நேராகக் கேட்கவும் அவருக்குத் தெரிந்திருக்கும், அப்படிக் கேட்பதால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்ற பயத்துக்கு ஆதாரம் இல்லை. ஒளித்து வைக்க வேண்டிய பொருளை வீட்டாரோடு சேர்ந்து எடுத்து வைப்பார். மிரண்டுபோய் நிற்கும் குழந்தையை யாராவது கவனித்தார்களா என்று பார்ப்பார். அன்று எங்கள் வீட்டில் என் மகள் கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள், எனக்குக்கூட அது காலையில்தான் தெரிந்தது.

அமெரிக்காவின் டென்வர் நகரம் 2020 ஜூனில் ஸ்டார் என்ற பெயரில் இதே போல ஒன்றைத் தொடங்கியது. முதல் ஆறு மாதத்தில் 748 அழைப்புகளுக்குப் போனார்கள், ஒன்றுகூடக் கைதில் முடியவில்லை. அந்தச் சேவை இயங்கிய பகுதிகளில் சிறு குற்றங்கள் பற்றிய பதிவுகள் 34 சதவீதம் குறைந்தன என்று 2022-இல் ஓர் ஆய்வு சொன்னது. இதில் நீங்கள் கவனிக்க வேண்டியது வேறொன்று. அந்தச் சோதனை முயற்சி தொடங்கியபோது ஒரே ஒரு வேன்தான், அதுவும் திங்கள் முதல் வெள்ளி வரை, காலை 10-இலிருந்து மாலை 6 வரை. அப்புறம்தான் நேரத்தை நீட்டினார்கள், வண்டிகளைக் கூட்டினார்கள். சிறியதாகத் தொடங்குவது தவறே இல்லை. ஆனால் பகல் ஏற்கெனவே உங்களிடம் இருக்கிறது, ஆகவே நம் பகுதியில் அந்த ஒரு வண்டி இரவில் தொடங்கட்டும். வாரம் முழுவதும் முடியாவிட்டால் வெள்ளி இரவும் சனி இரவும் ஞாயிறு இரவும் முதலில் வரட்டும்.

போலீஸே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கையில் ஆயுதம் இருக்கும் இரவுகள் உண்டு, இன்னொருவர் உயிருக்கு ஆபத்து இருக்கும் இரவுகள் உண்டு. அப்போது அவர்கள் வரத்தான் வேண்டும், ஆனால் பயிற்சியோடு வர வேண்டும். அமெரிக்காவின் மெம்பிஸ் நகரம் 1988-லேயே இதற்காகத் தனியாக 40 மணி நேரப் பயிற்சியை உருவாக்கியது, நோயாளிகளின் குடும்பங்களும் அதில் சேர்ந்து வேலை செய்தன. நம் பகுதிக் காவலர்களுக்கு அப்படி ஒன்று கொடுக்க நீங்களே முன்வரலாம். எங்கள் வீட்டுக்கு வந்த அந்த இளையவர் சந்தோஷமாகக் கற்றுக்கொள்வார் என்று நான் நம்புகிறேன். கிளம்பும்போது அவர் முகத்தைப் பார்த்தேன், விலங்கு போட்டது அவருக்கும் பிடிக்கவில்லை.

மூன்றாவது, இடம். அவசர சிகிச்சைப் பிரிவு உடைந்த காலுக்கும் மாரடைப்புக்கும் கட்டப்பட்டது. மனம் கொதித்துக்கொண்டிருப்பவருக்கு வேண்டியது குறைந்த வெளிச்சம், ஒரு நாற்காலி, படுக்க ஒரு மூலை, கதவை அடைத்துப் பூட்டாத ஓர் அறை. இங்கிலாந்தில் ஆல்டர்ஷாட் என்ற ஊரில் 2014-இல் மாலையிலும் வார இறுதியிலும் திறந்திருக்கும் ஒரு சிறு இடத்தை ஆரம்பித்தார்கள், முன்பதிவு இல்லாமல் யாரும் உள்ளே போகலாம். மனநலப் பணியாளர்களோடு, தாங்களே அந்த இருட்டைக் கடந்து வந்தவர்களும் அங்கே இருப்பார்கள். இந்தக் கடைசி விஷயம் எனக்கு மிகவும் பிடித்தது. "நானும் இப்படி இருந்திருக்கேன்" என்று ஒருவர் சொன்னால் என் தம்பி தலையை நிமிர்த்திப் பார்ப்பான். நான் ஆயிரம் சொன்னாலும் அது நடக்காது. நம் பகுதியில் மாலையில் பூட்டிக் கிடக்கும் அறைகள் எத்தனை இருக்கின்றன, உங்கள் மையத்தின் காத்திருப்பு அறையே அதில் ஒன்று.

இதையெல்லாம்விடப் பெரிய அளவில் செய்த ஊரும் இருக்கிறது. இத்தாலியின் திரியெஸ்தே நகரத்தில் 1971-இல் ஃபிராங்கோ பசாலியா என்ற மருத்துவர் ஏறக்குறைய 1,200 பேர் அடைபட்டிருந்த மனநல மருத்துவமனைக்குப் பொறுப்பேற்றார். கதவுகளைத் திறந்தார். 1978-இல் அந்த நாடே 180-ஆம் எண் சட்டத்தின் வழியாகப் பழைய மனநல மருத்துவமனைகளை மூடும் பாதையில் இறங்கியது. அவற்றுக்குப் பதிலாகத் திரியெஸ்தேயில் ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒரு மையம் வந்தது, வாரம் ஏழு நாளும் 24 மணி நேரமும் திறந்திருக்கும்படி, உள்ளே சில படுக்கைகளோடு. பகலில் உங்களைத் தெரிந்தவர்களின் மையத்திலேயே இரவும் போய்ப் படுக்கலாம். ஐம்பது வருடத்துக்கு முன்னால் யோசித்த விஷயம் இது, ஆகவே புதிதாக எதையோ கேட்கிறேன் என்று தயவுசெய்து சொல்லாதீர்கள்.

இனி நீங்கள் சொல்லப் போகும் பதிலுக்கு வருகிறேன், முன்பு நேரில் கேட்டபோது சொன்னதுதான். ஆள் இல்லை, பணம் இல்லை, இரவில் அழைப்பும் குறைவு.

அழைப்பு குறைவு என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். எடுக்காத எண்ணை ஒரு முறை அழைத்தவர் மறுபடி அழைப்பதில்லை. அந்தப் பதிவுக் குரலைக் கேட்டு வைத்துவிட்டவர்கள் உங்கள் கணக்கில் வருகிறார்களா? அவசர எண்ணிலும் காவல் நிலையத்திலும் அவசர சிகிச்சைப் பிரிவிலும் மாலை 5 மணிக்கு மேல் மனநலம் தொடர்பாக எத்தனை பேர் வந்தார்கள் என்று மூன்று இடத்திலும் கேட்டு ஒரு மாதக் கணக்கை எடுங்கள். நம் தேவையின் அளவு அங்கேதான் இருக்கிறது.

ஆள் பற்றி. ஒரு நாற்காலியில் எப்போதும் ஒருவர் இருக்க வேண்டும் என்றால் வாரம் 168 மணி, ஒருவருக்கு 40 மணி வேலை, ஆக நான்கு பேருக்கும் சற்று மேல், விடுப்பு உடம்பு சரியில்லை எல்லாம் சேர்த்தால் ஐந்து பேர். இருவர் கொண்ட வண்டி எந்நேரமும் தயாராக இருக்கப் பத்துப் பேர். உங்கள் ஒரு மையத்துக்கு அது பாரம்தான், மறுக்கவில்லை. பக்கத்துப் பகுதிகள் மூன்று நான்கு சேர்ந்தால் அதே பத்துப் பேர் எல்லோருக்கும் போதும், இரவில் சாலையும் காலியாகத்தான் இருக்கிறது. அழைப்பை எடுப்பதை ஏற்கெனவே இரவில் இயங்கும் ஒரு ஹெல்ப்லைனோடு இணைத்துக்கொண்டு, வண்டிக்கு மட்டும் நீங்கள் ஆள் போடலாம். ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்கிறேன், பகலில் உழைத்தவர்களையே இரவுக்கும் இழுக்காதீர்கள். அந்த வேலை ஆளைத் தின்னும். ஒரு மோசமான இரவுக்குப் பிறகு உட்கார்ந்து பேச மேலாளர் ஒருவர், ஓய்வு, ஒழுங்கான சம்பளம், இவை இல்லாமல் தொண்டு மனப்பான்மையை மட்டும் நம்பி நடத்தினால் ஒரு வருடத்தில் எல்லோரும் போய்விடுவார்கள், நாங்கள் மறுபடி பதிவுக் குரலுக்கே வந்து சேர்வோம்.

பணம் பற்றிச் சொல்லும்போது ஒரு வருத்தமான விஷயத்தையும் சொல்ல வேண்டும். நான் மேலே அவ்வளவு பெருமையாகச் சொன்ன கஹூட்ஸ், யூஜீன் நகரத்தில் 2025 ஏப்ரலில் நின்றுபோனது. முக்கியக் காரணம் நிதிதான். அதைப் படித்த அன்று எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது. ஒரு நல்ல சேவையை ஊர் முழுவதும் பாராட்டினால் மட்டும் அது நிலைத்துவிடாது. ஆகவே ஒரு வருட மானியத்தில் தொடங்கி, படம் எடுத்து, அடுத்த வருடம் மூடிவிடும் திட்டம் எங்களுக்கு வேண்டாம். சிறியதாக இருந்தாலும் வருடா வருடம் பட்ஜெட்டில் தனி வரியாக இருக்கும் ஒன்றைத் தொடங்குங்கள். நம்பி ஒரு முறை கதவைத் தட்டியவர்களிடம், அந்தக் கதவு இனி இல்லை என்று சொல்வது, முதலிலேயே இல்லாமல் இருந்ததைவிட மோசம்.

இன்னொரு விஷயம், இதற்கு அதிகச் செலவே கிடையாது, ஆனால் யாரும் பேசுவதில்லை. மறுநாள் காலை. மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்த முதல் வாரம்தான் மிகவும் ஆபத்தான காலங்களில் ஒன்று, உங்கள் டாக்டர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்கான அவசரப் பிரிவுகளில் ஒரு முறையைச் செய்து பார்த்து, 2018-இல் முடிவை வெளியிட்டார்கள். வீட்டுக்கு அனுப்பும் முன் நோயாளியோடு உட்கார்ந்து ஒரு தாளில் எழுதுவார்கள்: எனக்கு நிலைமை முற்றப் போகிறது என்பதற்கு என்ன அடையாளம், அப்போது நானே என்ன செய்து பார்க்கலாம், யாரிடம் பேசலாம், வீட்டில் எதை அகற்றி வைக்க வேண்டும். பிறகு 72 மணி நேரத்துக்குள் ஒரு தொலைபேசி அழைப்பு, எப்படி இருக்கிறீர்கள் என்று. வழக்கமான கவனிப்பு மட்டும் கிடைத்தவர்களோடு ஒப்பிட்டால், அடுத்த ஆறு மாதத்தில் தற்கொலை சார்ந்த செயல்கள் 45 சதவீதம் குறைந்திருந்தன. ஒரு தாள், சில அழைப்புகள். எங்களுக்கு உங்கள் மையத்திலிருந்து அழைப்பு வந்தது, வரவில்லை என்று சொல்ல மாட்டேன். மூன்று வாரம் கழித்து வந்தது, வழக்கமான தேதிக்கு ஏன் வரவில்லை என்று கேட்க.

இரவில் என்ன நடந்தது என்பது காலையில் வேலைக்கு வரும் டாக்டரின் மேசையில் இருக்க வேண்டும். நாங்கள் மறுபடியும் முதலிலிருந்து சொல்லக் கூடாது. என் தம்பி அந்த இரவுக் கதையை அடுத்த ஒரு வாரத்தில் ஐந்து பேரிடம் சொன்னான். ஐந்தாவது ஆளிடம் சொல்லும்போது அவன் குரலில் ஒன்றுமே இல்லை.

குரலில் பேச முடியாதவர்களையும் நினைத்துக்கொள்ளுங்கள். காது கேட்காதவர்கள், பக்கத்து அறையில் அடிக்கிற ஆள் படுத்திருக்க மெல்லக்கூடப் பேச முடியாத பெண்கள், போன் பேசவே கூச்சப்படுகிற பதினாறு வயதுப் பிள்ளைகள். அவர்களுக்குக் குறுஞ்செய்தி வழியாகவும் ஒரு வாசல் இருக்கட்டும். அப்புறம், அழைத்தால் வீட்டுக்கு யார் வருவார்கள், எப்போது ஒருவரை அவர் விருப்பத்துக்கு மாறாகக் கூட்டிப்போவார்கள் என்பதை வெளிப்படையாக எழுதி வையுங்கள். பயத்தில் அழைக்காமல் இருப்பவர்களில் பாதிப்பேருக்காவது அந்த விடை தெரிந்தால் போதும் என்று எனக்குத் தோன்றுகிறது.

நீங்கள் எதைச் செய்தாலும் மூன்று மாதத்துக்கு ஒரு முறை சில எண்களைப் பொதுவில் போடுங்கள். மாலை 5 மணிக்கு மேல் எத்தனை அழைப்பு வந்தது, எத்தனை எடுக்கப்படவில்லை, நேரில் போக எவ்வளவு நேரம் ஆனது, எத்தனை பேர் போலீஸ் வண்டியில் போனார்கள், எத்தனை பேருக்கு 72 மணிக்குள் திரும்ப அழைத்தீர்கள். எண்கள் மோசமாக இருந்தாலும் பரவாயில்லை, நாங்கள் உங்களைத் திட்டுவதற்காகக் கேட்கவில்லை. அந்த எண்களை எடுத்துக்கொண்டு உங்களோடு சேர்ந்து மேலே இருப்பவர்களிடம் பணம் கேட்க வருவோம். எங்களைப் போன்ற குடும்பங்கள் இங்கே நிறைய இருக்கின்றன, இதுவரை ஒருவரை ஒருவர் தெரியாமல் இருந்தோம். திட்டக் குழு ஒன்றைப் போட்டால் அதில் என் தம்பியைப் போன்றவர்களுக்கு இடம் கொடுங்கள், கருத்துக் கேட்டு அனுப்பிவிடாமல் கையெழுத்துப் போடும் இடத்தில் உட்கார வையுங்கள். கேட்டால் அவன் வருவான், நான் கேட்டுவிட்டேன்.

வண்டியும் இடமும் வர நாளாகும், தெரியும். ஆனால் அந்தப் பதிவுக் குரலை இந்த வாரமே மாற்றலாம். அலுவலக நேரத்தைக் கடைசியில் சொல்லுங்கள். முதலில், நீங்கள் அழைத்தது நல்லது என்று சொல்லுங்கள். இப்போதே பேச இரவில் எடுக்கும் எண் இது என்று, மெதுவாக, இரண்டு முறை சொல்லுங்கள், அல்லது ஒரு பொத்தானை அழுத்தினால் அங்கேயே போய்ச் சேரும்படி இணைத்துவிடுங்கள். காலையில் யாராவது உங்களைத் திரும்ப அழைக்க வேண்டுமா, வேண்டும் என்றால் எண்ணை விட்டுச் செல்லுங்கள் என்று சொல்லுங்கள், சொன்னபடி அழையுங்கள். சமையலறைச் சுவரில் அந்தத் தாள் இன்னும் ஒட்டித்தான் இருக்கிறது. அடுத்த வெள்ளிக்கிழமை மாலை 5 மணிக்கு மேல் நான் அந்த எண்ணை அழைத்துப் பார்ப்பேன், தம்பியும் பக்கத்தில் இருப்பான்.

அன்புடன்,
உங்கள் மையத்துக்கு ஆறு வருடமாக வந்து போகும் ஓர் அக்கா